'வாய்வு' என்று சொல்லிவிடாதீர்கள்: டெல்டாவிலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வாடகை வீடு, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் உடம்பு வலியைப் பற்றிச் சொல்கிறேன்.

நடவு முடிந்த வாரம் இடுப்பு கழன்றுபோகும். வெந்நீர் ஊற்றி நாலு நாள் படுத்தால் சரியாகிவிடும். மன்னார்குடி பக்கத்து வயல்களில் பாதி ஆயுளைக் கழித்த என் அத்தைக்கு அப்படிச் சரியாகவில்லை. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று இரண்டு பக்கமும் வலி. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி அசதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். பேரன் ஓடிவந்து கையைப் பிடித்தால், வளையல் அழுந்தி முகம் சுருங்கும். "தொட்டாலே நோவுதுடி" என்பார்.

இங்கே வந்ததும் டாக்டரிடம் "வாய்வுப் பிடிப்பு" என்றார். கூடப் போன நானும் ஆங்கிலத்தில் வாயு என்றே சொல்லிவிட்டேன். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் வீணானது.

அவருக்கு இருந்தது ஃபைப்ரோமயால்ஜியா. தசையில் காயம் இருக்காது. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம்தான் சின்னத் தூண்டுதலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் ரத்தப் பரிசோதனை சரியாகவே வரும். அதைப் பார்த்து 'எல்லாம் மனசுதான்' என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள், வலி நிஜம். மூன்று மாதம்தான் கணக்கு. குறுவை நட்டு அறுவடை வரை வலி விடவில்லை என்றால் காட்ட வேண்டும்.

தைராய்டு குறைவு, முடக்குவாதம், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் இதே மாதிரி வலிக்கும். வெயிலில் வளர்ந்த நமக்கு இங்குள்ள குளிர்காலத்தில் வைட்டமின் டி குறைவது சாதாரணம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலியோடு பார்வை மங்கினால் அன்றே ஓடுங்கள்.

ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்வது இலவசம், விசிட் விசாவில் வந்த பெற்றோரும் பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவர்களுக்குக் கட்டணம் உண்டு. நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசில்லை. கிடைப்பது பத்து நிமிடம்தான். எங்கே, எத்தனை மாதமாக, தூக்கம் எப்படி, மறதி உண்டா என்று முன்னாலேயே எழுதிக்கொண்டு போங்கள். வாய்வு, பிடிப்பு, குடைச்சல் என்ற சொற்களை விட்டுவிட்டு, வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவரும் வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் கெடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் உடற்பயிற்சிதான் அதிகம் உதவுகிறது. அத்தை ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்தார். உற்சாகத்தில் கூடுதலாக நடந்தால் மறுநாள் எழ முடியாது. அதனால் இப்போதும் கடிகாரத்தைப் பார்த்து, கால் தெம்பாக இருக்கும்போதே திரும்பிவிடுகிறார்.