எஃகுக் கட்டடத்தின் மூட்டு நிலநடுக்கத்தில் ஏன் முறிகிறது? பீம்–தூண் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1994 ஜனவரி 17, அதிகாலை 4:31. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தன, கான்கிரீட் பார்க்கிங் கட்டடங்கள் நொறுங்கின. எஃகுச் சட்டகக் கட்டடங்களில் ஒன்றுகூட இடிந்து விழவில்லை. எஃகு காப்பாற்றிவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் மூட்டுகளைச் சுற்றியிருந்த தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, பீமும் தூணும் சேரும் வெல்டிங்கில் விரிசல்கள் தெரிந்தன. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது. அடிபட்டவற்றில் ஒரு மாடிக் கட்டடமும் உண்டு, 26 மாடியும் உண்டு. 30 ஆண்டுப் பழையதும் உண்டு, அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்ததும் உண்டு.

சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. அங்கே சட்டகம் அமைக்கும் முறையே வேறு. ஆனாலும் மூட்டுகள் முறிந்தன. இந்த இரண்டு நகரங்களும் கற்றுத்தந்த தவறுகளில் பல இன்றும் வரைபடங்களிலும் வேலையிடங்களிலும் எட்டிப்பார்க்கின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: எஃகு வளையும், முறியாது, எனவே எஃகு மூட்டும் வளையும், முறியாது. முதல் பாதி உண்மை. சோதனைக்கூடத்தில் ஒரு எஃகுத் துண்டை இழுத்தால் அது நீளும், நீளும்போது இடுப்பில் மெலியும். ஆனால் பீமின் ஃபிளேஞ்ச், அதாவது மேல், கீழ்த் தகடு, தடித்த தூணோடு வெல்டிங் ஆகும் இடத்தில் அது மெலிய முடியாது. தூண் அதை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மெலிய முடியாத எஃகு நீளவும் முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று முறியும். பொருளுக்கு இருக்கும் குணம் மூட்டுக்கும் தானாக வந்துவிடாது என்பதை வடிவமைப்பவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெல்டிங்கில் நடக்கும் தவறுகள்

வலிமையை மட்டும் பார்த்து வெல்டிங் கம்பியைத் தேர்ந்தெடுப்பது இவற்றில் பெரியது. நார்த்ரிட்ஜுக்கு முன் கலிஃபோர்னியாவில் பரவலாகப் பயன்பட்டது இ70டி-4 என்ற கம்பி. வெளியிலிருந்து வாயு பாய்ச்சத் தேவையில்லை, காற்றடிக்கும் திறந்தவெளியிலும் வேலை நடக்கும், வேகமாக உலோகம் நிரப்பும். இழுவிசை வலிமையும் போதுமானது. ஆனால் திடீர் அடியில் விரிசல் ஓடாமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவை அந்த வகைக் கம்பியிடம் விதிமுறை கேட்கவே இல்லை. கேட்காததால் கிடைக்கவும் இல்லை. இப்போது அமெரிக்க விதிகள் மிக முக்கியமான வெல்டிங்குகளுக்கு 21 டிகிரி செல்சியஸில் 54 ஜூல் மோதல் ஆற்றலைத் தாங்க வேண்டும் என்கின்றன. கம்பி வாங்கும்போது வலிமை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இந்த எண்ணைக் கேட்காமல் விடுவது அந்தப் பழைய தவறேதான்.

அடுத்தது பேக்கிங் பட்டை. உருகிய உலோகம் வழியாமலிருக்க ஃபிளேஞ்சுக்கு அடியில் ஒரு சின்ன எஃகுப் பட்டையை வைத்து வெல்டிங் செய்வார்கள். வேலை முடிந்தபின் அதை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். யார் அதை வெட்டி எடுப்பது? ஆனால் பட்டைக்கும் தூணுக்கும் நடுவில் ஒட்டாத மெல்லிய இடைவெளி நிற்கிறது. கணக்கில் அது பூஜ்யம், நிஜத்தில் அது தயாராக வெட்டி வைத்த விரிசல். கீழ் ஃபிளேஞ்சில் நிலைமை இன்னும் மோசம். வெல்டர் மேலே இருந்து குனிந்து செய்கிறார், வெப், அதாவது இரண்டு ஃபிளேஞ்சுகளையும் இணைத்து நடுவில் நிற்கும் செங்குத்துத் தகடு, குறுக்கே வருகிறது. அதனால் பீமின் நட்டநடுவில், வெப்புக்கு நேர் கீழே, வெல்டிங்கை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது. குறை சேரும் இடமும் அதுதான், ஒலியலையை அனுப்பிக் குறை தேடும் அல்ட்ராசோனிக் சோதனைக்குச் சரியாகப் பிடிபடாத இடமும் அதுதான். நார்த்ரிட்ஜில் பெரும்பாலான முறிவுகள் கீழ் ஃபிளேஞ்சில் தொடங்கியதில் வியப்பில்லை. தீர்வு கடினமில்லை: கீழ்ப் பட்டையை வெட்டியெடுத்து, வெல்டிங்கின் வேர், அதாவது அதன் அடிப்பகுதி, வரை குடைந்து சுத்தம் செய்து, மறுபடி வெல்டிங் நிரப்பி, அடியில், மூலையை நிரப்பும் ஒரு ஃபில்லட் வெல்டிங் சேர்க்க வேண்டும். ஓரங்களில் வைக்கும் துணைத் தகடுகளையும் அகற்றித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். அதனால்தான் மேற்பார்வை இல்லாத இடத்தில் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

வெல்டர் கை நுழைய வெப்பில் வெட்டும் துளையையும் அலட்சியமாக விடக்கூடாது. கோபேயில் பல விரிசல்கள் அந்தத் துளையின் மூலையிலிருந்து ஓடின. அதன்பின் ஜப்பானியர் துளையே இல்லாமல் வெல்டிங் செய்யும் முறைக்கும் போனார்கள். துளை வேண்டும் என்றால் அதன் வளைவு மென்மையாக இருக்க வேண்டும், கேஸ் கட்டிங் பள்ளங்களைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

கணக்கில் நடக்கும் தவறுகள்

ஃபிளேஞ்ச் வளைவு விசையைத் தாங்கும், வெப் வெட்டு விசையை, அதாவது மேலும் கீழுமாக நழுவ வைக்கும் விசையை, தாங்கும் என்று கல்லூரியில் படிக்கிறோம். பீமின் நடுப்பகுதிக்கு அது சரி. தூணின் முகத்தில் அப்படி இல்லை. அங்கே வெட்டு விசையின் பெரும்பங்கு ஃபிளேஞ்சுகள் வழியாகவே போகிறது. வெப்பை போல்ட்டால் மட்டும் பிடித்திருந்தால், போல்ட் சற்றே நழுவியதும் ஃபிளேஞ்ச் வெல்டிங்கின் சுமை இன்னும் கூடுகிறது.

அப்புறம் ஒரு விநோதம்: எஃகு எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தாலும் ஆபத்துதான். ஏ36 என்ற ரக எஃகின் குறைந்தபட்ச இளகு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 250 நியூட்டன். ஆலையிலிருந்து வரும் எஃகு அதைவிட நன்றாகவே அதிகம் இருக்கும். பீம் முதலில் வளையும், தூண் நிற்கும் என்று போட்ட கணக்கு அங்கே தலைகீழாகலாம். வெல்டிங்கின் மேலும் கூடுதல் விசை விழுகிறது. ஆகவே கணக்கில் போட வேண்டியது எஃகு உண்மையில் எட்டக்கூடிய வலிமையை. கடையில் இன்னும் உயர்ந்த ரகம் அதே விலைக்குக் கிடைத்தது என்று ஒப்பந்ததாரர் பீமை மாற்றிக்கொடுத்தால், நன்றி சொல்லாமல் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பழைய கட்டடங்களில் ஏறக்குறைய எல்லா மூட்டும் விறைப்பான மூட்டு, அதாவது நிலநடுக்க விசையைத் தாங்கும் மூட்டு; பீம்கள் சின்னவை. 1980களில் செலவைக் குறைக்க, வெளிச்சுற்றில் சில சட்டகங்களுக்கு மட்டும் அந்த வேலையைக் கொடுத்து, பீம்களை ஒரு மீட்டர் ஆழம் வரை பெரிதாக்கினார்கள். ஆனால் அந்த மூட்டுக்கு அடிப்படையான 1960, 70களின் சோதனைகள் செய்யப்பட்டது இதைவிடச் சின்ன பீம்களில். சின்னதில் வளைந்தது பெரியதிலும் வளையும் என்று நம்பியதுதான் பிழை. இன்றைய அமெரிக்க விதிப்படி, மிக உயர்ந்த வகைச் சட்டகத்தின் மூட்டு 0.04 ரேடியன் மாடிச் சாய்வைத் தாங்கிக் காட்ட வேண்டும். நான்கு மீட்டர் உயர மாடிக்கு அது பக்கவாட்டில் 16 சென்டிமீட்டர் நகர்வு.

தடித்த தகடு ஒட்டினால் போதும் என்பதும் ஏமாற்றும். 1994க்குப் பின் அவசரத்தில் ஃபிளேஞ்ச் மேல் கவர் பிளேட் என்ற கூடுதல் தகடு வைத்துப் பார்த்தார்கள். பல நன்றாக நின்றன, சில முறிந்தன. தகடு தடித்தால் வெல்டிங்கும் தடிக்கிறது, தூண் முகத்தில் வளைவு விசையும் ஏறுகிறது. எதிர்த்திசையில் போன யோசனைதான் எனக்கு அதிகம் பிடித்தது: தூணிலிருந்து சற்றுத் தள்ளி ஃபிளேஞ்சின் இரு ஓரங்களையும் வளைவாக வெட்டி பீமையே மெலிய வைப்பது. ஃபியூஸ் மாதிரி, முதலில் அந்த இடம் வளையும், வெல்டிங் தப்பிக்கும். பெல்ஜியத்தின் ஆந்த்ரே ப்ளூமியே முன்வைத்த இந்த வடிவத்தின் காப்புரிமை லக்சம்பர்க்கின் ஆர்பெட் நிறுவனத்திடம் இருந்தது. நார்த்ரிட்ஜுக்குப் பின் அமெரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்த அவர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள். இதிலும் ஒரு கண்ணி உண்டு. வெட்டு வழவழப்பாக இல்லாவிட்டால், கேஸ் கட்டிங் விட்ட சின்னப் பள்ளமே அடுத்த விரிசலின் ஆரம்பம்.

மூட்டு முடிந்த பின்பு

எல்லாம் சரியாகச் செய்த பிறகு, ஏசி குழாயைத் தொங்கவிட வந்தவர் அந்த மெலிந்த பகுதியில் ஒரு கொக்கியை வெல்டிங் செய்துவிட்டுப் போவார். கண்ணாடி முகப்புக்காரர் கிளிப் ஒட்டுவார். தளத் தகடுக்கு ஷியர் ஸ்டட், அதாவது கான்கிரீட் தளத்தைப் பீமோடு பிணைக்கும் ஆணி, அடிப்பவர் இடைவெளி விடாமல் அடித்துக்கொண்டே போவார். பீம் வளைய வேண்டிய அந்த நீளத்தில் இவை எதுவும் கூடாது என்பது விதி. வரைபடத்தில் ஒரு குறிப்பாக எழுதி வைத்தால் போதாது. பீமிலேயே பெயின்ட்டால் எல்லை போட்டுவிடுங்கள். ஏசிக்காரர் கட்டமைப்பு வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

நிலநடுக்கம் முடிந்தபின் செய்யும் தவறு, கட்டடம் நேராக நிற்கிறது, சுவரில் கீறல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது. மூட்டு முறிந்தும் வெளியில் எதுவும் தெரியாமல் நின்ற கட்டடங்கள் நார்த்ரிட்ஜில் பல. குலுக்கம் பலமாக இருந்த இடமென்றால் சில மூட்டுகளையாவது பூச்சை உரித்துப் பார்த்தாக வேண்டும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நார்த்ரிட்ஜுக்குப் பின் அல்ட்ராசோனிக் கருவி காட்டிய சின்ன வேர்க்குறைகளையெல்லாம் நிலநடுக்கச் சேதம் என்று எண்ணினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்டும்போதே இருந்த வெல்டிங் குறைகள் என்று பின்னால் தெரிந்தது. அதனால் புதுக் கட்டடத்தின் வெல்டிங் சோதனை அறிக்கைகளை, எந்த மூட்டு எங்கே என்ற குறிப்போடு, கட்டட உரிமையாளரிடம் ஒரு பிரதி கொடுத்து வைப்பது நல்லது.