புள்ளைய செஸ் டோர்னமென்ட்டுக்கு கூட்டிட்டு போறீங்களா? மாவட்டத்துல இருந்து ஆரம்பிங்க

ஞாயித்துக்கிழமை காலைல எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு ஸ்கூல் வாசல்ல பையும் தண்ணி பாட்டிலுமா நூறு இருநூறு பேரு நிக்கறதை பாத்தீங்கன்னா அது பெரும்பாலும் செஸ் டோர்னமென்ட்தான். நானும் என் பொண்ணோட அந்த கும்பல்ல நின்னு நின்னு இப்ப ஆறாவது வருஷம். புதுசா வர்ற அப்பா அம்மா எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விங்கதான், ஸ்விஸ்னா என்ன, ரேட்டிங் எப்ப வரும், என் பையன் ஜெயிச்சும் ஏன் பதினாலாவது இடம், ஸ்டேட்டுக்கு எப்படி போறது. ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுதி வச்சிடறேன்.

முதல்ல யாரு எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. உச்சில ஃபிடே, அதாவது உலக செஸ் கூட்டமைப்பு, 1924-ல பாரிஸ்ல ஆரம்பிச்சது, உலகம் பூரா விதியும் ரேட்டிங்கும் (ஆடறவங்க பலத்தை காட்டற நம்பர்) அவங்க கைல. நம்ம நாட்டுக்கு அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, 1951. அதுக்கு கீழ தமிழ்நாடு மாநில செஸ் சங்கம், ஆனா வயசுல இது மூத்தது, 1947-லயே மெட்ராஸ்ல தொடங்கினது. நாட்டோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் (1961), முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் (1988) ரெண்டு பேரும் இங்கேருந்து வந்தது சும்மா இல்ல, இங்க போட்டி நடந்துக்கிட்டே இருந்துச்சு. அதுக்கும் கீழ மாவட்ட சங்கம். உங்களுக்கு வேண்டியது இந்த கடைசி ஆளுதான், மத்தவங்களை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன்னா போஸ்டர் பாத்து ஏமாந்துடுவோம். அகாடமி நடத்தறது, லயன்ஸ் க்ளப் நடத்தறது, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நடத்தறதுன்னு வாரா வாரம் ஒண்ணு வாட்ஸப்ல வரும், "150 ட்ராஃபி, எல்லாருக்கும் மெடல்". தப்பில்ல, பழகறதுக்கு நல்லது. ஆனா அதுல ஜெயிச்சா அலமாரி நிறையும், அடுத்த படி ஏற முடியாது. படி ஏறணும்னா மாவட்ட சங்கம் வருஷா வருஷம் வயசு வாரியா நடத்தற தேர்வு போட்டி, அதுல முதல்ல வர்றவங்கதான் மாநிலத்துக்கு, மாநிலத்துல முதல்ல வர்றவங்க நேஷனலுக்கு. நான் முதல் ரெண்டு வருஷம் ட்ராஃபி டோர்னமென்ட்டுக்கே சுத்திக்கிட்டிருந்தேன், மாவட்ட செலக்‌ஷன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்ப அந்த வருஷ போட்டி முடிஞ்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. அதனால முதல் வேலை, உங்க மாவட்ட சங்கத்தோட வாட்ஸப் குரூப்ல சேருங்க. பள்ளிக்கல்வித்துறை நடத்தற போட்டியும் முதலமைச்சர் கோப்பையும் வேற பாதை, அதுல ஸ்கூல் மூலமாவோ அரசு மூலமாவோ போவாங்க, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

ரெண்டாவது வேலை பதிவு. தேசிய கூட்டமைப்புல ஆன்லைன்ல வருஷா வருஷம் பதிவு பண்ணணும், ஒரு தடவை பண்ணிட்டா ஆயுசுக்கும் இல்ல. பிறப்பு சான்றிதழ் வேணும். அதுல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் இனிஷியலோட ஒத்துப்போகுதான்னு இப்பவே பாருங்க, இல்லன்னா பின்னாடி பாஸ்போர்ட் எடுக்கும்போது ரேட்டிங் லிஸ்ட்ல ஒரு பேரு பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னு நிக்கும்.

வயசு கணக்கு ஈஸி. நடப்பு வருஷத்துல இருந்து பிரிவு நம்பரை கழிங்க, கழிச்சு கிடைக்கற வருஷத்தோட ஜனவரி 1-லயோ அதுக்கப்புறமோ பொறந்திருந்தா அந்த பிரிவுல ஆடலாம். 2026-ல 9 வயசுக்குட்பட்டோர்னா 1.1.2017-ல இருந்து. ஜனவரில பொறந்த புள்ளைங்களுக்கு யோகம், டிசம்பர் 31 ராத்திரி பொறந்தவங்க பாவம், கிட்டத்தட்ட ஒரு வயசு பெரிய புள்ளையோட மோதணும். நம்ம ஊர்ல பிரிவு 7, 9, 11, 13ன்னு ஒத்தைப்படைல போகும், உலக போட்டி 8, 10, 12ன்னு ரெட்டைப்படை, என்னடா இதுன்னு நானும் நினைச்சேன், கணக்கு போட்டா புரியும், இந்த வருஷம் 7-க்கு கீழ ஆடின புள்ள அடுத்த வருஷம் 8-க்கு கீழ சரியா பொருந்தும்.

ப்ராஸ்பெக்டஸை (போட்டி விவரம் போட்ட அறிவிப்பு) ஃபீஸ் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு மூடாதீங்க. எத்தனை ரவுண்டு, டைம் என்ன, லேட்டா வந்தா எவ்வளவு நேரம் பொறுப்பாங்க, டை பிரேக் (பாயின்ட் சமமா இருந்தா யாரு முன்னாடின்னு பாக்கற முறை) எது, ஒருத்தருக்கு ஒரு பரிசுதானா, எத்தனை பேரை செலக்ட் பண்ணுவாங்க, அப்பீலுக்கு எவ்வளவு கட்டணும், இதெல்லாம் அதுலதான் இருக்கும். டைம் 60+30ன்னா ஒருத்தருக்கு 60 நிமிஷம், அதோட ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்டு கூடும், 60 மூவ் போற கேம்னா ரெண்டு பேருக்கும் சேத்து மூணு மணி நேரம். அந்த கணக்குல சாப்பாடு கட்டிக்கோங்க, தயிர் சாதம் வேணாம், மூணாவது ரவுண்டுல தூங்கி வழியும்.

ஹாலுக்குள்ள போன் கூடாது. சைலன்ட்ல இருந்தாலும் கூடாது, புள்ள பையில போன் இருந்து அது அடிச்சுதுன்னா கேம் போச்சு. அடிக்கறது முக்காவாசி நேரம் அம்மாவோ அப்பாவோதான், "ஜெயிச்சியாடா"ன்னு கேக்க. ஸ்மார்ட் வாட்ச்சும் அதே கதைதான்.

இப்ப ஸ்விஸ். நாக்அவுட் மாதிரி தோத்தா வீட்டுக்கு இல்ல, எல்லாரும் எல்லா ரவுண்டும் ஆடுவாங்க, ஒரே பாயின்ட் இருக்கறவங்களை மோத விடுவாங்க, ஒருத்தரோட ரெண்டு தடவை மோதவே மாட்டீங்க. எட்டு பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க, ரேட்டிங் வரிசைல 1-ல இருந்து 8 வரை நம்பர். லிஸ்டை பாதியா வெட்டி மேல் பாதியையும் கீழ் பாதியையும் கோக்கணும்: 1-5, 2-6, 3-7, 4-8. நம்பர் 1-க்கு வெள்ளைன்னு குலுக்கல்ல வந்தா 2-க்கு கறுப்பு, 3-க்கு வெள்ளை, 4-க்கு கறுப்பு. சரி, மேல இருக்கற நாலு பேரும் ஜெயிச்சிட்டாங்க. ரெண்டாவது ரவுண்டுல இந்த நாலு பேரை திரும்ப பாதியா வெட்டினா 1-3, 2-4 வரணும் இல்லையா? வராது. 1-ம் 3-ம் ரெண்டு பேரும் வெள்ளை ஆடியாச்சு, ரெண்டு பேருக்கும் இப்ப கறுப்பு வரணும், 2-ம் 4-ம் அதே மாதிரி ரெண்டு பேருக்கும் வெள்ளை வரணும். அதனால கலர் சரியா விழற மாதிரி மாத்தி 4-க்கு வெள்ளை 1-க்கு கறுப்பு, 2-க்கு வெள்ளை 3-க்கு கறுப்புன்னு போடும். "என் பையனுக்கு மட்டும் ஏன் கஷ்டமான ஆளு"ன்னு ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்) சண்டைக்கு போறவங்க இதை பேப்பர்ல ஒரு தடவை போட்டு பாருங்க, யாரும் கையால போடறதில்ல, ஸ்விஸ் மேனேஜர்னு ஒரு சாஃப்ட்வேர் போடுது, பேரிங்கும் (யாரோட யாரு மோதணும்ங்கற பட்டியல்) ரிசல்ட்டும் செஸ் ரிசல்ட்ஸ் சைட்ல ஏறிடும், செவுத்துல ஒட்டற பேப்பருக்கு அடிச்சுக்க வேணாம். ஆளு ஒத்தைப்படையா இருந்தா ஒருத்தருக்கு எதிராளி இல்லாம 'பை' (bye) கிடைக்கும், சும்மா உக்காந்தாலும் ஒரு பாயின்ட், ஒரு டோர்னமென்ட்ல ஒரு தடவைக்கு மேல வராது.

சின்னப் புள்ளைங்க தோக்கறது பாதி நேரம் ஆட்டத்துல இல்ல, விதில. தொட்ட காயை ஆடணும், காயை கட்டத்துக்குள்ள நேரா வைக்க மட்டும்னா முன்னாடியே சொல்லிட்டு தொடணும். தப்பு மூவ் ஆடி க்ளாக்கை அமுக்கிட்டா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும், ரெண்டாவது தடவை அதே தப்புன்னா கேம் காலி. ஒரு கையால காயும் இன்னொரு கையால க்ளாக்கும் கூடாது. ட்ரா கேக்கணும்னா மூவ் ஆடிட்டு, கேட்டுட்டு, அப்புறம் க்ளாக். ஏதாவது சந்தேகம்னா க்ளாக்கை நிறுத்திட்டு கையைத் தூக்கணும், இதை மட்டும் வீட்டுல பத்து தடவை நடிச்சு காட்டி பழக்குங்க, ஏன்னா கூச்சப்படற புள்ள கையே தூக்காது, எதிர்ல இருக்கற பையன் "நீ தோத்துட்ட"ன்னு சொன்னா சரின்னு எழுந்து வந்துடும்.

என் வீட்டுலயே நடந்துச்சு. அஞ்சாவது ரவுண்டு, பொண்ணு குதிச்சிக்கிட்டு வெளிய வந்தா, மேட் பண்ணிட்டேன்ப்பான்னா, பஜ்ஜி எல்லாம் வாங்கி குடுத்தாச்சு. ஆறாவது ரவுண்டு பேரிங் வந்துச்சு, பாத்தா பாயின்ட் ஏறவே இல்ல. ஓடிப்போய் ஸ்கோர் ஷீட்டை (மூவ் எழுதற தாள்) பாத்தா 0-1ன்னு இருக்கு, ரெண்டு புள்ளைங்களும் அழகா கையெழுத்து போட்டிருக்காங்க. இவ வெள்ளை, ஆனா ஜெயிச்சவளுக்கு 1 கடைசியா எழுதணும்னு நினைச்சிருக்கா, அந்த புள்ளையும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ரிசல்ட் தப்பா இருந்தாலும் நிக்கும், ஆர்பிட்டர் மாத்தினாதான் உண்டுன்னு விதியே இருக்கு. அன்னிக்கு ஆர்பிட்டர் ஸ்கோர் ஷீட்ல கடைசி மூவ் வரைக்கும் ஆடிப் பாத்து மாத்தி குடுத்தாரு, நொட்டேஷன், அதாவது ஆடின மூவை எல்லாம், ஒழுங்கா எழுதியிருந்ததால தப்பிச்சோம். வெள்ளை ஜெயிச்சா 1-0, கறுப்பு ஜெயிச்சா 0-1, யார் எழுதினாலும் இதேதான். கையெழுத்துக்கு முன்னாடி படிக்கணும்னு இப்பவே சொல்லிக் குடுங்க, பேங்க்லயும் உதவும்.

அடுத்தது டை பிரேக், அழுகை எல்லாம் இங்கதான். 200 பேர் ஆடற போட்டில ஒரே பாயின்ட்ல பத்து பேர் நிப்பாங்க. அப்ப புக்கோல்ஸ் பாப்பாங்க, அதாவது நீங்க மோதின ஆளுங்க எல்லாரும் கடைசில எடுத்த பாயின்டோட கூட்டல். ரெண்டு பேரும் 9 ரவுண்டுக்கு 8 பாயின்ட், ஒருத்தன் முதல் ரவுண்டுலயே தோத்தான், இன்னொருத்தன் எட்டாவதுல தோத்தான்னா, முதல்ல தோத்தவன் ரொம்ப நேரம் கீழ் போர்டுல லேசான ஆளுங்களோட ஆடிட்டு வந்திருப்பான், அவங்க பாயின்டும் கம்மியாத்தான் இருக்கும், அதனால இவன் புக்கோல்ஸ் இறங்கிடும். செலக்‌ஷன்ல ரெண்டாவது இடத்துக்கும் மூணாவது இடத்துக்கும் நடுவுல பெரும்பாலும் இந்த அரை பாயின்ட் ஒரு பாயின்ட்தான் கோடு போடும். அதனால முதல் ரவுண்டு சும்மான்னு தூக்கக் கலக்கத்தோட அனுப்பாதீங்க.

ரேட்டிங் பத்தி சுருக்கமா. முதல் ரேட்டிங் வரணும்னா ரேட்டட் டோர்னமென்ட்ல (ரிசல்ட் ஃபிடே ரேட்டிங் கணக்குல சேர்ற போட்டி) ரேட்டிங் உள்ளவங்களோட 5 கேமாவது ஆடியிருக்கணும், ஒரே போட்டிலதான்னு இல்ல, சேத்துக்கலாம். முதல் போட்டில பாயின்ட் பூஜ்யம்னா அது கணக்குலயே வராது. 2024 மார்ச்ல இருந்து ரேட்டிங் 1400-லதான் ஆரம்பிக்குது, அதுக்கு கீழ கணக்கு வந்தா லிஸ்ட்ல பேரு வராது. மாசா மாசம் 1-ம் தேதி புது லிஸ்ட். சின்னப் புள்ளைங்களுக்கு ரேட்டிங் வேகமா ஏறும், அதே வேகத்துல இறங்கவும் செய்யும், ஒரு போட்டில 80 போயிடுச்சுன்னு கோச்சை மாத்தாதீங்க. என் கருத்து, மாவட்டத்துல முதல் பத்துக்குள்ள வராத புள்ளைக்கு ஃபீஸ், ரயில், லாட்ஜுன்னு ஆயிரக்கணக்குல கட்டி வெளியூர் ரேட்டட் ஓபனுக்கு ஓடறது வீண் செலவு, ஒத்துக்காதவங்க நிறைய பேர் இருக்காங்க, பரவாயில்ல.

செலக்ட் ஆயிட்டா அத்தோட முடிஞ்சுதுன்னு உக்காந்துடாதீங்க. மாநில போட்டிக்கு வர்றோம்னு மாவட்ட சங்கத்துக்கு தேதிக்குள்ள சொல்லணும், இல்லன்னா அடுத்த இடத்துல இருக்கற புள்ளைக்கு போயிடும். அந்த வருஷ பதிவு செல்லுதான்னு பாத்துக்கோங்க, பிறப்பு சான்றிதழ் ஒரிஜினலும் ரெண்டு ஜெராக்ஸும், ஸ்கூல்ல லீவ் லெட்டரும் முன்னாடியே. மாநில போட்டி நாலஞ்சு நாள் நடக்கும், அந்த தேதில காலாண்டு பரிட்சை வரும், வராம இருந்து நான் பாத்ததே இல்ல. மாவட்ட சங்கத்துல ஒரு லெட்டர் வாங்கி ஹெட்மாஸ்டர்கிட்ட நேர்ல போய் குடுங்க, க்ளாஸ் டீச்சர் மூலமா அனுப்பினா அது டேபிள்லயே கிடக்கும்.