முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் கேட்காது

தென்னந்தோப்பில் களையும் மட்டையும் அரைக்க டிராக்டரின் பின்னால் மல்சர் மாட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். ஹைட்ராலிக்கில் மல்சரைத் தூக்கியதும் முன்பக்க எடை பின் அச்சுக்குப் போய்விடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே இழுக்கும். வாய்க்கால் கரை ஏறும்போது முன்பக்கமே தூக்கிக்கொள்ளலாம்.

இதை அளந்தே பார்த்துவிடலாம். மல்சரைத் தூக்கிய நிலையில் முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றுங்கள். டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது 20 சதவீதமாவது அங்கே காட்ட வேண்டும். 2,000 கிலோ வண்டி என்றால் 400 கிலோ. குறைந்தால் முன்னால் இரும்பு வெயிட் மாட்டுங்கள், ஆனால் கம்பெனி கையேட்டில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். பலர் பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது பிடிப்புக்கு நல்லதுதான், முன்பக்கம் தூக்குவதைத் தடுக்காது.

அப்புறம், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது மல்சரைத் தரை தட்டாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்கே திரும்பவே கூடாது, வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். செங்குத்தான மேடு என்றால் ரிவர்ஸில் ஏறுங்கள். ரோட்டுக்கு வந்ததும், இடது வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் ஒன்றாக அழுந்தும்படி சேர்த்து லாக் போட மறக்காதீர்கள். இறங்குவதற்கு முன் பி.டி.ஓ.வை (இன்ஜின் சக்தியை மல்சருக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) நிறுத்தி, மல்சரைத் தரையில் இறக்கிவிடுங்கள்.