ஞானப்பல் அறுவைச் சிகிச்சை: எடுக்கும்போது என்ன நடக்கும், ஆறும்போது எதைக் கவனிக்க வேண்டும்

ஈறுக்குள் புதைந்தோ சாய்ந்தோ கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கும்போது வலி தெரியாது, அழுத்தம் தெரியும். மரப்பு ஊசி வலியை மட்டும்தான் அடக்கும். பல்லைத் தள்ளுவதும் நெம்புவதும் தாடை அதிர்வதும் நன்றாகவே உணரப்படும். பல் துண்டாகும்போது காதுக்குள் ‘டக்’கென்று ஓசை கேட்கும். ஊசி மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருப்பதால் போட்ட சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம், தானாக அடங்கிவிடும். சுருக்கென்று கூர்மையாக வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்துவார்கள்.

ஈறைக் கீறி விலக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பை உப்புநீர் பீய்ச்சியபடி இழைத்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக்கி எடுத்து, தையல் போடுவார்கள். பெரும்பாலும் 20 முதல் 60 நிமிடங்களில் முடிந்துவிடும்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான மருந்துகளை மறக்காமல் குறிப்பிட வேண்டும், அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் வரக்கூடிய ஆபத்து, பல் குழியில் கூடுதலாகக் கசியும் ரத்தத்தைவிடப் பெரியது. மரப்பு ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். முழு மயக்கம் என்றால் வழக்கமாக 6 மணி நேரத்துக்கு முன் உணவையும் 2 மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். திரும்பி வரத் துணைக்கு ஆள் வேண்டும்.

பல்லை எடுத்த பிறகு எல்லாம் அந்தக் குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டியைப் பொறுத்தது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அதுதான். முதல் நாள் கட்டுப்பாடுகள் அத்தனையும் அது பெயர்ந்துவிடாமல் இருக்கத்தான்.

வைத்துவிட்ட பஞ்சை 30 முதல் 45 நிமிடங்கள் அழுத்திக் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கியது பிய்ந்து வரும். 24 மணி நேரத்துக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கக் கூடாது, புகை கூடவே கூடாது. எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. துளி ரத்தம் வாய் நிறைய எச்சிலோடு கலந்தால் பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். உண்மையிலேயே ரத்தம் ஊறி நிறைந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணிப் பஞ்சை ஈரமாக்கி மடித்து, குழிக்கு நேர் மேலே வைத்து 30 நிமிடம் விடாமல் கடியுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடான எதையும் தொடாதீர்கள். வெந்தாலும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. முதல் வலி மாத்திரையை மரப்பு விலகும் முன்பே போட வேண்டும், வலி ஏறிய பிறகு அடக்குவது கடினம். இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து பெரும்பாலோருக்குப் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் இபுபுரூஃபனைத் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பாராசிட்டமால் எல்லா மாத்திரைகளையும் கூட்டினாலும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது.

முதல் நாள் முழுதும் துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் விட்டு, மறுபடி வையுங்கள். இரவில் தலையை உயர்த்திப் படுங்கள். இப்படியெல்லாம் செய்தும் இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் இன்னும் வீங்கினால் அது சிகிச்சை கெட்டதற்கு அடையாளமல்ல. வீக்கம் உச்சம் தொடுவதே அப்போதுதான். வாய் முழுதாகத் திறக்காது. கன்னத்திலும் கழுத்திலும் மஞ்சளாகக் கன்றியிருக்கலாம். ஒரு வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும்.

24 மணி நேரம் கழிந்ததும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அலசுங்கள். வேகமாகத் துப்பாமல் தானே வழியவிடுங்கள். குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தோன்றும். சீழ் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. அது ஆறும் திசு, கை வைக்காதீர்கள். சில நாட்களுக்குக் குழைவான உணவும் மறுபக்கத்து மெல்லலும் போதும். நுண்ணிய விதைகள் குழிக்குள் போனால் எளிதில் வராது.

வலி எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் கவலையில்லை. குறைந்த வலி மூன்றாம் நாளையொட்டித் திரும்ப ஏறி, காதுவரை குத்தி, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால் ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பல் மருத்துவர்கள் இதை ‘டிரை சாக்கெட்’ என்பார்கள். புகைபிடிப்பவர்களுக்கும், கீழ்த்தாடைப் பல் எடுத்தவர்களுக்கும் இது அதிகம் வரும். ஆன்டிபயாடிக் விழுங்கி இது தீராது. குழியைக் கழுவி மருந்து வைத்து அடைக்க வேண்டும், வைத்தால் சில மணி நேரத்தில் நிம்மதி கிடைக்கும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மேல்தாடைப் பல்லை எடுத்திருந்தால் இன்னொன்று உண்டு. அதன் வேர், மூக்கை ஒட்டிய காற்றறைக்கு மிக அருகில் இருக்கும். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தால் உடனே சொல்லுங்கள். மருத்துவர் எச்சரித்திருந்தால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கீழ்த்தாடையில் மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். நரம்பு நசுங்கியதால் வரும் அந்த மரப்பு பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ தானே திரும்பும், ஆனால் எந்த நாளில் எவ்வளவு இருந்தது என்ற பதிவு மருத்துவருக்குத் தேவை.

கரையாத தையலை ஒரு வாரத்தையொட்டிப் பிரிப்பார்கள். கரையும் தையல் ஓரிரு வாரத்தில் உதிரும். ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், அடியில் எலும்பு நிரம்பச் சில மாதங்கள் பிடிக்கும். இடையில் ஊசிபோல் ஒரு சிறு எலும்புச் சில்லு ஈறைத் துளைத்து எட்டிப்பார்க்கலாம். பெரும்பாலும் தானே விழுந்துவிடும். உறுத்தினால் மருத்துவர் ஒரு நொடியில் எடுத்துவிடுவார்.