அனுசேபத்தை அளந்து உடல்நிறையைக் குறைப்பது எப்படி

நிறை கூடிய ஒருவரிடம் காரணம் கேட்டால், "எனக்கு அனுசேபம் குறைவு" என்ற பதில் இப்போது மட்டக்களப்பிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் படித்து மறந்த சொல், கைபேசிக் காணொளிகளின் வழியாகத் திரும்பி வந்து, ஒரு நோயின் பெயரைப் போல வழங்குகிறது. உண்ட உணவு சக்தியாகவும் தசையாகவும் கொழுப்பாகவும் மாறுவதும், சேமித்து வைத்தவை தேவைப்படும்போது மீண்டும் உடைக்கப்படுவதுமாகிய இரசாயனத் தாக்கங்கள் அனைத்துக்கும் அனுசேபம் என்பது பொதுப்பெயர். அதன் அளவை ஒரு தராசு, ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஓரளவு சரியாகக் கணக்கிடலாம்.

ஒரு நாளில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம், நாம் பாயை விட்டு எழும்பாமல் கிடந்தாலும் செலவாகிவிடும். மூளை, ஈரல், இருதயம், சிறுநீரகம் ஆகியவை உடல்நிறையில் மிகச் சிறு பங்காக இருந்தும், அந்த ஓய்வுநிலைச் செலவில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. உண்டதைச் செரிக்கச் செய்வதற்கு இன்னுமொரு 10 சதவீதம் போகிறது. மிகுதி அசைவுக்கு உரியது. நம்மால் பெருமளவு மாற்றக்கூடியதும் அந்த அசைவுப் பங்குதான்.

நாற்பது வயதோடு அனுசேபம் விழுந்துவிடுகிறது என்பதும் சரியன்று. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டோரின் அளவீடுகளை வைத்து 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, உடலின் பருமனையும் தசையளவையும் கணக்கில் எடுத்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை சக்திச் செலவு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதைக் காட்டியது. அம்பாறைப் பக்கத்து வட்டைகளில் தாக்கத்தியால் வெட்டி, சூடு அடித்து, மூட்டை சுமந்த தலைமுறை உண்ட அதே சோற்றுக் கோப்பையைத்தான், அறுவடை இயந்திரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தலைமுறையும் உண்கிறது. வயதின் மீது போடப்படும் பழியில் பெரும்பங்கு இந்த இடைவெளிக்கு உரியது.

கணக்குக்கு வருவோம். ஓய்வுநிலைச் செலவைக் கணிக்க, 1990இல் வெளியான மிஃப்லின்-சென் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. நிறையைக் கிலோகிராமில் எடுத்து 10ஆல் பெருக்கவும். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டவும். வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்கவும். பின்னர் ஆண்கள் 5ஐக் கூட்டவும், பெண்கள் 161ஐக் கழிக்கவும். களுவாஞ்சிகுடியில் உள்ள 45 வயதுப் பெண் ஒருவர் 72 கிலோ நிறையும் 155 சென்ரிமீற்றர் உயரமும் உடையவர் எனக் கொண்டால், அவருடைய ஓய்வுநிலைச் செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி. இருந்த இடத்தில் வேலை செய்பவர் இதை 1.2ஆலும், சிறிதளவு நடமாடுபவர் 1.375ஆலும், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் மிதமாகப் பயிற்சி செய்பவர் 1.55ஆலும் பெருக்க வேண்டும். இவர் இரண்டாம் வகை என்றால் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,790 கலோரி. இதிலிருந்து 300 முதல் 400 வரை குறைத்து உண்டால் போதும். ஓய்வுநிலைச் செலவுக்கும் கீழே இறங்கிப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளர் ஆகியோர் உணவைக் குறைப்பதற்கு முன்னர் தங்கள் வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும். மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். காரணமின்றிக் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி ஆகியன சேர்ந்திருந்தால் தைரொயிட் பரிசோதனையும் கேட்டுப் பாருங்கள். தைரொயிட் சுரப்பு குறைவதுதான் அனுசேபம் உண்மையாகவே மந்தமாகும் நிலை.

உண்பதை அளக்கும்போதுதான் வியப்பு வரும். எங்கள் வீட்டுப் பிட்டை ஒருநாள் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு 100 கிராம் அரிசிமா, 60 கிராம் தேங்காய்ப்பூ. மாவில் ஏறத்தாழ 360 கலோரி, தேங்காய்ப்பூவில் 210. தொட்டுக்கொள்ளும் சம்பலில் மேலும் 30 கிராம் தேங்காய்ப்பூ, அதாவது இன்னொரு 100 கலோரி. சொதியையும் கறியையும் சேர்க்காமலே 670 ஆகிவிட்டது. பிட்டுக்குத் தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, சொதிக்கு இரண்டாம் பாலை மட்டும் எடுத்து, சம்பல் இருந்த இடத்தில் மீன் கறியை வைத்தபோது வயிறு அதே அளவுக்கு நிறைந்தது. எருமைத் தயிரும் அப்படித்தான்: பசுந்தயிரைவிட ஏறத்தாழ இருமடங்கு கொழுப்பு உண்டு, அதன்மேல் சீனியோ கித்துள் பாணியோ வேறு. சட்டியைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. அளவை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேநீரையும் எழுத மறந்துவிட வேண்டாம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம், 20 கலோரி. மும்மூன்று கரண்டி போட்டு நாளுக்கு நான்கு கோப்பை குடித்தால் 240. கல்லடிக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்து அந்தப் பெண் செலவழிக்கும் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவே.

அதனால் நடை வீண் என்று பொருளில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம்மவர் முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரி அளவே செலவிடும் என்பதால் அது அனுசேபத்தைத் தலைகீழாக மாற்றப்போவதில்லை. ஆனால் நிறை குறையும்போது தசை கரையாமல் காப்பதற்கு அதைவிட நல்ல வழியில்லை. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுந்து அமர்வதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும், நீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவதும் தொடக்கத்துக்குப் போதுமானவை. கூடவே புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். புரதத்தின் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது. மாப்பொருளுக்கு அது 5 முதல் 10 சதவீதந்தான். வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊரில் புரத மாவு டப்பாவுக்குக் காசைக் கொட்டுவது எனக்கு விளங்காத காரியம்.

சீரகத் தண்ணீர், தேசிக்காய் நீர், பச்சைத் தேநீர் ஆகியவை தாகத்துக்கு நல்லவை. அனுசேபத்தில் அவற்றால் வரும் மாற்றம் தராசில் தெரியும் அளவுக்கு இல்லை. ஆறு வேளை சிறிது சிறிதாக உண்டால் அனுசேபம் கூடும் என்பதற்கும் ஆதாரமில்லை. நோன்பிலோ விரதத்திலோ ஒரு வேளை தவறினால் அது விழுந்துவிடுவதும் இல்லை. நோன்பு திறக்கும்போது பொரித்த ரோல்ஸும் சர்பத்தும் எவ்வளவு உள்ளே போகின்றன என்பதே கேள்வி.

நிறையைக் காலையில், மலசலம் கழித்த பின், எதையும் உண்ணுமுன் பார்த்து எழுதி, ஏழு நாட்களின் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் வாரத்தில் விரைவாகக் குறைவதில் பெரும்பகுதி நீர். இரவு கருவாட்டுக் கறி உண்டால் மறுநாள் ஏறுவதும் நீரே. நான்கு வாரம் கழித்து உங்கள் உண்மையான எண் வெளிப்படும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆகையால், 28 நாளில் ஒரு கிலோ குறைந்திருந்தால் நாளொன்றுக்கு 275 கலோரி குறைவாக உண்டிருக்கிறீர்கள். எதுவும் குறையவில்லையென்றால், சூத்திரம் சொன்னதைவிட உங்கள் செலவு குறைவு, அல்லது கொப்பியில் ஏறாமல் ஏதோ வாயில் போயிருக்கிறது. என் கொப்பியில் அது பின்னேரப் பணிஸ்.

ஐந்து கிலோ குறைந்ததும் சூத்திரத்தை மீண்டும் போட வேண்டும். 67 கிலோவில் அந்தக் களுவாஞ்சிகுடிப் பெண்ணின் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,720 கலோரி. முன்னையதைவிட 70 குறைவு. அதாவது பிட்டில் இன்னொரு 20 கிராம் தேங்காய்ப்பூவைக் குறைக்க வேண்டும்.