987654321 ஐக் கையால் முதன்மைக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி

எட்டு இலக்கம் மட்டும் காட்டும் கல்குலேற்றரில் இந்த எண்ணை அடிக்கவே முடியாது, ரியூசன் பிள்ளைகளுக்கு இதையே கொடுக்க எனக்குப் பிடிப்பதும் அதனால்தான். ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் எடுங்கள், போதும்.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். 45 வரும், 4 + 5 = 9. இலக்கச் சுட்டி 9 என்றால் எண் 9 ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்தால் 109739369. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 47, ஆகவே 3 இன் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்து 7, 11, 13. மூன்றாலும் தனித்தனியாக வகுத்து மினக்கெட வேண்டாம். 7 × 11 × 13 = 1001 என்பதால் எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, கூட்டலும் கழித்தலும் மாறி மாறிப் போட்டாலே தெரிந்துவிடும்: 369 − 739 + 109 = −261. 261 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாது, சரி, விடுங்கள்.

பலர் கோட்டை விடுவது 17 இல். கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஐந்து மடங்கை மிச்சத்திலிருந்து கழியுங்கள் (51 ஆனது 17 இன் மடங்கு, சூட்சுமம் அவ்வளவுதான்). 10973936 − 45 = 10973891, 1097389 − 5 = 1097384, பிறகு 109718, 10931, 1088, கடைசியில் 68. அது 17 × 4! வகுத்தால் 6455257. இதோடு நிறுத்திவிடாதீர்கள், அதையும் இப்படியே குறைத்துக்கொண்டு போனால் 34 இல் வந்து நிற்கும், அதாவது 17 இரண்டு தரம் இருக்கிறது. மிஞ்சுவது 379721, அது முதன்மை எண். நம்பாவிட்டால் 613 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பாருங்கள், கரண்ட் இல்லாத இரவுக்கு நல்ல வேலை.

ஆக, 987654321 = 3² × 17² × 379721.

இதை இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணாக வாசித்தாலும் சுவாரசியம்தான். 98 பிறந்த ஆண்டு, 765 இல் பெண்களுக்குக் கூட்டும் 500 ஐக் கழித்தால் 265 ஆம் நாள், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில் அது செப்டெம்பர் 21. அப்படி யாருக்கும் உண்மையில் எண் கொடுத்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி இதைத் தலைகீழாக்கி 123456789 ஐ எடுங்கள். அதை 8 ஆல் பெருக்கி 9 ஐக் கூட்டினால் நம்முடைய எண் அப்படியே வரும். எனவே இரண்டின் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) காண ஒரு தரம் வகுத்தாலே போதும்: மீதி 9, அந்த 9 சின்ன எண்ணையும் வகுக்கும், விடை 9. இதே கோலம் அடியிலிருந்தே ஏறி வருகிறது, 1 × 8 + 1 = 9, 12 × 8 + 2 = 98, 123 × 8 + 3 = 987.

123456789 இல் 9 போனால் 13717421 மிஞ்சும். அது 3607 × 3803. இந்த இரண்டையும் விடை பார்க்காமல் கையாலேயே கண்டுபிடிக்கிறவருக்குப் பிளேன்ரீ என் செலவு.