சீலியாக் நோயோடு சாப்பிடுவது: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோதுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், எங்கள் பக்கத்து வீடுகளில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவ்வளவுதானே, நமக்கு ராகி இருக்குதே." அந்தப் பதில் பாதி சரி. களி, கூழ், சாமைச் சோறு, கம்பு, சோளம், தினை ஆகிய எதிலும் இந்நோய்க்கு ஆகாத குளூட்டன் என்ற புரதம் இல்லை. மீதிப் பாதி, அந்த ராகி மாவாகி நம் தட்டுக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. என் மகளுக்கு நோய் உறுதியான பிறகு முதல் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் அவள் சப்பாத்தியைக் கையால் கூடத் தொடவில்லை. ஆனாலும் வயிற்று உப்புசம் நிற்கவில்லை, ரத்த மறுபரிசோதனையில் எண்களும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. காரணம் நாங்கள் மாவு அரைத்த மில்லில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கு வருவது அதனால்தான். சீலியாக் உள்ளவர்களின் உடல், இந்தப் புரதம் உள்ளே வந்தவுடன் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து போவதால், எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் உடலில் சேர்வதில்லை. இதற்கு மாத்திரை கிடையாது, உணவுதான் மருந்து. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்ததையும் கவனித்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையைக் குற்றவாளியாக அடையாளம் காட்டினார்; அதை விலக்குவதுதான் இன்று வரை சிகிச்சையாக இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை வேறு. சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் போவதும் வேறு. மூன்றுக்கும் கட்டுப்பாட்டின் அளவு வேறுபடும் என்பதால் எது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அதனால்தான், சோதிக்கும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள் என்று முதலிலேயே சொல்கிறேன். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையும், அதனுடன் ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியே எடுக்கும் திசுப் பரிசோதனையும் செய்வார்கள். கோதுமையை முன்பே விட்டுவிட்டால் இவை இயல்பாக இருப்பதுபோல் காட்டிவிடும். பிறகு மருத்துவர் கண்காணிப்பில் பல வாரங்கள் மீண்டும் கோதுமை சாப்பிட்டுச் சோதிக்க வேண்டி வரும், அது பெரும் துன்பம். தென்னிந்தியாவில் இந்நோய் வட இந்தியாவைவிட மிகக் குறைவாகக் காணப்படுவதால், நம் பக்கத்தில் யாருக்கும் இது உடனே நினைவுக்கு வருவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ரத்தசோகை தீராதவர்கள், வயதுக்கேற்ற உயரம் வராத குழந்தைகள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் ஆகியோர் இந்தச் சோதனை தேவையா என்று தாமாகவே மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மில்

எங்கள் ஊர் மில்லில் ஒரே எந்திரத்தில்தான் கோதுமையும் ராகியும் மாறி மாறி ஓடும். ஐந்தாவது மாதம் ஒரு நாள், என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் எனக்கு முன்னால் நின்றவரின் தூக்கில் என்ன மாவு விழுகிறது என்று பார்த்தேன். "அண்ணா, இப்ப என்ன அரைச்சீங்க?" என்று கேட்டதற்கு, "கோதுமைதாம்மா, அதனால என்ன, தட்டிட்டுத்தானே போடறேன்" என்றார். புனலை இரண்டு தட்டுத் தட்டினார். மாவு இறங்கும் துணிக்குழாயின் மடிப்பிலிருந்து வெள்ளையாக ஒரு கை மாவு உதிர்ந்து என் ராகியின் மேல் விழுந்தது. அவர் மேல் தவறு ஒன்றும் இல்லை, மற்ற வீடுகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சீலியாக் உள்ளவருக்கு அது எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவை விற்க வேண்டுமானால், ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு ஏறத்தாழ 3 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால் 300 மில்லிகிராம். அதாவது ஒரு கிலோ ராகி மாவில் ஒரே ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு கலந்தாலே வரம்பைப்போல் பதினைந்து மடங்கு ஆகிவிடுகிறது. ஒரு கை மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே மில்லுக்குப் போவதில் சில ஏற்பாடுகள் தேவை. அரிசி மட்டும் அரைக்கும் எந்திரம் தனியாக உள்ள மில் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கேயே போங்கள். அது இல்லையென்றால் வீட்டிலேயே அரைப்பதுதான் நம்பகமானது. சிறு மாவரைக்கும் எந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள், ராகியை ஊறவைத்துக் கிரைண்டரில் ஆட்டிக் கூழும் தோசையும் செய்துகொள்ளலாம். களிக்கும் அடைக்கும் வேண்டிய மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துச் சலிக்கலாம். பாட்டி காலத்துத் திருகை எந்த மூலையிலாவது கிடந்தால் அதைக் கழுவி எடுங்கள், எங்கள் வீட்டில் அது இப்போது மீண்டும் வேலை செய்கிறது. முதலில் இரண்டு கிலோ அரிசியை ஓடவிட்டு அதை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு ராகியைப் போடுவது ஓரளவுக்குத்தான் பயன் தரும். வேறு வழியில்லாதபோது செய்யலாமே தவிர அதையே வழக்கமாக்க வேண்டாம்.

ராகியைத் தானியமாகவே வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள். ராகி மணி மிகச் சிறியது என்பதால், பொடிக்கண் சல்லடையில் போட்டால் ராகி கீழே இறங்கிவிடும், கலந்து வந்த கோதுமை மணி மேலேயே நின்றுவிடும். அதன்பின் இரண்டு முறை கழுவி, கோதுமை காயாத தனித் துணியில் உலர்த்த வேண்டும். 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள்; அதே கடையில் கோதுமையும் அளக்கப்படுவதால் அந்த ராகிக்கும் இதே சல்லடை, இதே கழுவல்தான்.

மளிகைப் பெட்டியும் அடுப்படியும்

மில்லுக்கு அடுத்தபடியாக நம்மை ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பாரிலும் ரசத்திலும் ஊறுகாயிலும் புளிக்காய்ச்சலிலும் அது தினமும் போகிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை மட்டும் வாங்குங்கள், அல்லது பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள். பூண்டைக் கூடுதலாகத் தட்டிப் போட்டால் கொள்ளு ரசத்துக்குக் குறை ஒன்றும் தெரியாது.

பெயரும் ஏமாற்றும். சம்பா ரவை என்றால் சம்பா அரிசியில் செய்தது என்று என் மாமியார் நம்பியிருந்தார், அது கோதுமை. பம்பாய் ரவை, பன்சி ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமைதான். ராகி சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கோதுமை மாவும் இருக்கும், ராகி பிஸ்கட்டிலும் அப்படியே. மால்ட் சேர்த்த பால் பொடிகளில் பார்லி இருக்கும். வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்ப்பது நம் வழக்கம். அங்கன்வாடியில் கொடுக்கும் இணை உணவு மாவிலும் கோதுமை முக்கியப் பொருள். ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் என்றாலும் கோதுமையோடு கலந்தே வருவதால், குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது தவிர மற்றதைத் தவிர்க்க வேண்டும். அரிசி, ஜவ்வரிசி, மக்காச்சோளம், பருப்பு வகைகள், அரிசி அவல், பொரி, முட்டை, மீன், கறி, பால், பழம் எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிடலாம். குடல் ஆறும் வரை சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் சில மாதம் மோரோடு நிறுத்திக்கொள்ளலாம். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், எலும்பு பலவீனமாகும் இந்த நோய்க்கு அது வெறும் மாற்று உணவு என்று சொல்ல மாட்டேன்.

சர்க்கரை நோய்க்கு இரவில் சப்பாத்தி என்ற பழக்கம் எல்லா வீட்டிலும் வந்துவிட்டதால், சீலியாக் உள்ளவர் ஒருவர் இருக்கும் அடுப்படியில் கோதுமை மாவும் தினமும் புழங்கும். இதற்காகச் சண்டை வேண்டாம். தோசைக்கல், சப்பாத்திப் பலகை, சல்லடை, மரக்கரண்டி ஆகிய நான்கையும் தனியாக வைத்தால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும். களித் துடுப்பு மரமானதால் வெடிப்புகளில் மாவு தங்கும். புதிதாக ஒன்று வாங்கி அதில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். முதலில் களியைக் கிண்டி இறக்கி மூடிவிட்டு, அதன்பிறகு சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும்.

களி இதுவரை கிண்டாத மருமகன்கள் கூடச் செய்யலாம். கால் டம்ளர் அரிசி நொய்யை மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு, ஒரு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிளறினால் கட்டி தட்டும். குவியலின் நடுவே துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் அந்தக் குழி வழியே கொதித்து மேலே வரும். பிறகு இறக்கி, பாத்திரத்தைக் கால்களுக்கிடையே துணியால் அணைத்துப் பிடித்து, ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். ஈரக்கையில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது என்று பொருள்.

பள்ளி, மருத்துவமனை

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உணவுகளும் இடம்பெறுவதால், குழந்தையின் வகுப்பாசிரியரிடமும் சமையலர் அக்காவிடமும் மருத்துவரின் கடிதத்தின் நகலைக் கொடுத்துவிட வேண்டும். மதியச் சோறும் முட்டையும் பெரும்பாலும் சிக்கல் தராது. சாம்பாரில் எந்தப் பெருங்காயம் என்று மட்டும் கேளுங்கள். மருந்து வாங்கும்போதும், லேகியம் வாங்கும்போதும் கோதுமை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆறாவது மாதத்திலும் ஓராண்டிலும் டிடிஜி அளவை மீண்டும் பார்ப்பார்கள். மில்லை மாற்றியபின் என் மகளுக்கு அது நன்றாக இறங்கியது. எண் இறங்கிய பிறகும் பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற ஆண்டுகள் ஆகலாம் என்பதால், உடம்பு தேறியதும் ஒரு பரோட்டா சாப்பிட்டுப் பார்ப்போம் என்று தொடங்கக் கூடாது.

வெளியே சாப்பிடுவது

ஓட்டலில் இட்லி நல்ல தேர்வு. தோசை அப்படியல்ல, ரவா தோசையும் சப்பாத்தியும் வார்த்த கல்லில்தான் அதையும் வார்ப்பார்கள், முறுகலுக்காக மாவிலேயே ரவை சேர்ப்பவர்களும் உண்டு. மைதா போண்டா பொரித்த எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் வேண்டாம். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை, முட்டை, எலுமிச்சைச் சோறு போதும்.

கல்யாணத்தில் வாழையிலை நமக்குப் பெரிய துணை, ஏனென்றால் தட்டு சுத்தமா என்ற கவலை இல்லை. பூரி எடுத்த கையும் கேசரிக் கரண்டியும் மற்றப் பாத்திரங்களுக்குள் போவதற்கு முன், முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். "ஒரு வாய்தான் கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று அத்தை ஜாமூனை நீட்டுவார். "டாக்டர் ஊசி போட்டிருக்காருங்க அத்தை, இன்னிக்கு இனிப்பு ஆகாது" என்று சொல்லிவிடுவது, நோயை விளக்குவதைவிட எளிது. அந்தப் பொய் எனக்குப் பழகிவிட்டது.

ஒகேனக்கலில் ஆற்றோரம் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். மசாலாவில் மைதா கலந்திருக்கலாம், முன்பு பொரித்த எண்ணெயே சட்டியில் இருக்கலாம். ஆகவே மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு விழுது, அரிசி மாவு, எண்ணெய் ஆகியவற்றை டப்பாவில் கொண்டுபோய், "அக்கா, பொண்ணுக்கு மைதா ஆகாது, சட்டியைக் கழுவிட்டு இதைப் போட்டு வறுத்துக் குடுங்க, கூலி சேர்த்துத் தர்றேன்" என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மீனை இலையில் வைத்துத் தரச் சொல்லுங்கள்; கூடைக்காரர் கொண்டுவரும் முறுக்கையும் பஜ்ஜியையும் அந்த இலையில் யாரும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.